கதவு சாத்தப்படும் முன்பே

2024 ஜூலை 18ஆம் தேதி இரவு வங்கதேசத்தில் இணையம் துண்டிக்கப்பட்டது. அரசு வேலை ஒதுக்கீட்டை எதிர்த்து மாணவர்கள் நடத்திய போராட்டத்தில் ஏற்கெனவே ரத்தம் சிந்தியிருந்தது. அடுத்த இரவு ஊரடங்கும் வந்தது. இந்தியாவின் வெங்காயமும் பச்சை மிளகாயும் வங்கதேசத்துக்குள் போகிற வாசல்கள் மேற்கு வங்கத்தில் பல இருக்கின்றன: கொல்கத்தாவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் பெட்ராபோல், அதற்கு வடக்கே மஹதிபூர், ஹிலி. அந்த வாரம் அங்கே நின்ற லாரிகளைத் தடுக்க யாரும் கதவைச் சாத்த வேண்டியிருக்கவில்லை. எதிர்ப்புறம் சுங்கத்துறையின் கணினி முடங்கிக் கிடந்தது. தீர்வை கட்ட வங்கி திறக்கவில்லை. சரக்கை மாற்றி ஏற்ற வேண்டிய சுமைத் தொழிலாளர்கள் ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டிருந்தார்கள். அதை டாக்காவுக்குக் கொண்டுபோக வேண்டிய லாரிக்காரர், நெடுஞ்சாலையில் வண்டியைக் கொளுத்திவிடுவார்கள் என்று அஞ்சினார்.

உள்நாட்டுக் கொந்தளிப்பு எல்லை தாண்டிய விளைபொருள் வணிகத்தை எப்படிக் குலைக்கிறது என்று கேட்டால் வழக்கமாக ஒரு கணக்குதான் விடையாக வரும். எல்லை எத்தனை நாள் மூடியிருந்தது, எத்தனை லாரி நின்றது, எத்தனை கோடி நட்டம் என்ற கணக்கு. வணிகர் சங்கம் அதைச் சொல்லும், பத்திரிகை அதைப் போடும், அமைதி திரும்பியதும் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். கென்யா, நேபாளம், டார்ஜிலிங், வங்கதேசம், போலந்து என்று கடந்த இருபது ஆண்டுகளுக்குள் நடந்தவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு வேறொன்று தெரிகிறது. எல்லைக் கதவு கடைசியில்தான் சாத்தப்படுகிறது. அதற்கு முன்பே ஆள், சாலை, பணம், காகிதம் என்று உள்ளே ஒவ்வொன்றாக அறுந்துபோகின்றன. கதவு திறந்த பிறகும் அவற்றில் சில திரும்ப ஒட்டுவதில்லை. பெரிய நட்டம் அந்த முன்னும் பின்னும்தான் இருக்கிறது. நாம் எண்ணுவதோ நடுவில் உள்ள நாட்களை மட்டும்.

சிமென்ட்டும் இரும்பும் பத்து நாள் நின்றால் வாடகையும் வட்டியும் போகும், சரக்கு அப்படியே இருக்கும். வெங்காயத்தைச் சாக்கில் கட்டித் தார்ப்பாய் போட்டு ஜூலை மாதத்து ஈரக்காற்றில் நிறுத்தினால் சில நாட்களிலேயே அடிமூட்டை வியர்த்து, முளைவிடவோ அழுகவோ தொடங்கிவிடும். பச்சை மிளகாய்க்கும் தக்காளிக்கும் அந்த அவகாசம்கூடக் கிடையாது. ரோஜாவுக்கு மணிக்கணக்குதான். இதன் விளைவாக ஒரே பொருளின் விலை ஒரே நாளில் இரு திசைகளில் ஓடுகிறது. விளையும் இடத்தில் வாங்க ஆளில்லாமல் விழுகிறது. உண்ணும் இடத்தில் வரத்து இல்லாமல் ஏறுகிறது. நடுவில் உள்ள வித்தியாசம் கிடங்கில் இருப்பு வைத்திருந்தவருக்கும், ஆபத்தைக் காட்டி வாடகையை ஏற்றியவருக்கும் போய்ச் சேருகிறது. விவசாயிக்கு அதில் பங்கில்லை. அந்தப் பருவத்து விளைச்சலை அவர் ஒருமுறைதான் விற்க முடியும்.

காப்பீடு எதற்கு இருக்கிறது என்று கேட்பவர்கள் பாலிசியின் சிறிய எழுத்துகளைப் படித்துப் பார்க்க வேண்டும். உலகெங்கும் சரக்குக் காப்பீட்டுக்கு அடிப்படையாக இருக்கும் லண்டன் விதிகளின்படி, வேலைநிறுத்தமும் கலவரமும் சாதாரண பாலிசியில் அடங்காது. அவற்றுக்குத் தனிப் பிரிவைக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும், கலவரக்காரர்கள் லாரியைக் கொளுத்தினால்தான் இழப்பீடு. அதே கலவரத்தால் லாரி எட்டு நாள் நின்று, உள்ளே இருந்த தக்காளி அழுகினால் கிடையாது. தாமதத்தால் வரும் இழப்பு இரண்டு பிரிவுகளிலுமே விலக்கப்பட்டிருக்கிறது. இயந்திரத்துக்கும் துணிக்கும் பொருந்துகிற இந்த ஏற்பாடு, விளைபொருளுக்கு நேரக்கூடிய இழப்பில் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிடுகிறது. காப்பீடு செய்யாமலேயே ஓடும் சிறு வணிகர்களைப் பற்றி இங்கே பேசவே வேண்டியதில்லை.

வங்கதேசத்துக்குத் திரும்புவோம். அங்கே இந்திய லாரி டாக்கா வரை போவதில்லை. எல்லை தாண்டி எதிர்ப்புறக் கிடங்கு வளாகத்துக்குப் போய், சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும். வங்கதேச லாரி அங்கிருந்து ஏற்றிக்கொள்ளும். இந்த ஒரு கைமாற்றத்துக்கு இருபுறத்துச் சுங்கத்துறை, இருபுறத்துக் கிளியரிங் ஏஜெண்டுகள், தாவர நோய்த் தடுப்புச் சான்று, எல்.சி. எனப்படும் வங்கியின் கடன் உறுதிக் கடிதம், சுமைத் தொழிலாளர், இரு தரப்பு ஓட்டுநர்கள் எல்லோரும் ஒரே நாளில் வேலைக்கு வந்திருக்க வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் லாரி நகராது. அந்த வாரம் வங்கதேசத்தின் சட்டோகிராம் துறைமுகத்தில் கணினி இல்லாமல் காகிதத்திலேயே கையெழுத்திட்டு அழுகும் சரக்கை விடுவிக்க முயன்றார்கள். பல ஆண்டுகளாகத் திரையைப் பார்த்தே பழகிய ஓர் அலுவலகம் ஒரே இரவில் பழைய பதிவேட்டுக்குத் திரும்புவது எளிதில்லை. மிகக் குறைந்த அளவே வெளியே வந்தது.

ஜூலைக் கடைசியில் வணிகம் மெல்ல மீண்டது. ஆகஸ்ட் 5ஆம் தேதி பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறினார். தரைவழி வணிகம் மறுபடி நின்றது. நூற்றுக்கணக்கான இந்திய லாரிகள் எதிர்ப்புறம் சிக்கிக்கொண்டன. சில நாட்களில் வாசல் திறந்தபோது அழுகும் பொருட்களுக்குத்தான் முதலில் வழிவிட்டார்கள். அந்த முடிவை எடுத்த அதிகாரிகளைப் பாராட்ட வேண்டும். ஆனால் வாசலைத் திறந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. ஆகஸ்ட் 8 அன்று, ஒரு கணக்கிலிருந்து வங்கதேச நாணயத்தில் ஒரு லட்சம் டாக்காவுக்கு மேல் ரொக்கமாக எடுக்கக் கூடாது என்று அந்நாட்டு மத்திய வங்கி வரம்பு விதித்தது. பின்னர் வாரம் வாரமாகத் தளர்த்தி, செப்டம்பரில்தான் முழுதாக நீக்கியது. பணத்தை வாரிக்கொண்டு யாரும் ஓடிவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட வரம்பு அது. அதில் நியாயம் இருந்தது. மண்டியில் அது என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோ 80 டாக்கா என்று வைத்தால் 20 டன் வெங்காயத்தின் விலை 16 லட்சம் டாக்கா. மொத்த வியாபாரி கமிஷன்காரருக்கும், கமிஷன்காரர் லாரிக்காரருக்கும், லாரிக்காரர் டீசலுக்கும் அன்றாடம் ரொக்கம் கொடுத்து நடக்கும் வணிகம் அது. வாசல் திறந்திருந்தும் வாங்கும் கை கட்டுண்டிருந்தது.

அந்த ஜூலை 1க்கும் ஆகஸ்ட் 15க்கும் இடையே 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பின்னர் மதிப்பிட்டது. அவ்வளவு உயிர்களுக்கு முன்னால் வெங்காயத்தைப் பற்றிப் பேசலாமா என்ற தயக்கம் எனக்கும் உண்டு. பேசித்தான் ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர்களின் வீடுகளில்தான் மிளகாயும் அரிசியும் விலையேறியதன் சுமை முதலில் விழுந்தது.

பிறகு நடந்தது இன்னும் நீளமான கதை. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். வெங்காய வணிகத்தில் இந்தியாவும் வங்கதேசமும் நம்பிக்கையை இழக்கத் தொடங்கியது 2024இல் இல்லை. உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்த இந்தியா 2019 செப்டம்பரிலும் 2020 செப்டம்பரிலும் 2023 டிசம்பரிலும் திடீரென வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2020 தடை வந்தபோது எல்லைக்கு வந்துவிட்ட லாரிகள் அப்படியே நின்றன. 25,000 டன்னை மட்டும் அனுப்ப இந்தியா சில நாட்கள் கழித்து அனுமதித்தது, அதற்குள் எவ்வளவோ மூட்டைகள் அழுகிவிட்டன. நாசிக் விவசாயிக்கும் ஹிலி இறக்குமதியாளருக்கும் அன்று கிடைத்த அடி, எந்தக் கலவரமும் கொடுத்த அடிக்குக் குறைந்ததில்லை. கலவரம் செய்வதை ஒரு நல்ல நாளில் ஒரு அரசாணையும் செய்துவிடும். ஒவ்வொரு தடைக்குப் பின்னும் வங்கதேசம் எகிப்து, துருக்கி, மியான்மர், சீனா என்று வேறு திசைகளில் தேடியது. உள்நாட்டுச் சாகுபடியையும் ஊக்குவித்தது.

இப்படி ஏற்கெனவே நைந்திருந்த உறவின் மேல்தான் 2024 வந்து விழுந்தது. அந்த நவம்பரில் கராச்சியிலிருந்து சட்டோகிராமுக்கு நேராக ஒரு கப்பல் வந்தது. பல பத்தாண்டுகளில் முதல் முறை. அதில் வந்த கண்டெய்னர்களில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் இருந்தன. 2025 தொடக்கத்தில், 1971க்குப் பிறகு முதல் தடவையாக, இரு அரசுகளின் நேரடி ஒப்பந்தத்தில் பாகிஸ்தான் அரிசி வங்கதேசத்துக்கு வந்தது. இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையே 2025 ஏப்ரலிலிருந்து கட்டுப்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வங்கதேசச் சரக்கு இந்தியா வழியாக மூன்றாம் நாட்டுக்குப் போகும் வசதியை இந்தியா நிறுத்தியது. இந்திய நூலைத் தரைவழியே இறக்குமதி செய்வதை வங்கதேசம் நிறுத்தியது. மே மாதம் வங்கதேசத்து ஆயத்த ஆடைக்கு இந்தியா தரைவாசல்களை மூடியது. பதப்படுத்திய உணவு, பழச்சுவைப் பானங்கள் ஆகியவற்றுக்கு வடகிழக்கு மாநிலங்களின் வாசல்களை மூடியது. ஜூனில் சணலின் முறை. வங்கதேசத்துச் சணல் பொருட்கள் மும்பைக்கு அருகிலுள்ள நவசேவா துறைமுகம் வழியாக மட்டுமே வரலாம் என்றானது. ஹூக்ளிக் கரைக்கு லாரியில் வந்துகொண்டிருந்த சரக்கு இலங்கையைச் சுற்றி அரபிக் கடலுக்குப் போய் இறங்க வேண்டும். தெருவில் கொந்தளிப்பு ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாக நீடித்தது. அதன் பெயரில் வந்த கட்டுப்பாடுகள் அதைவிட எவ்வளவோ நீண்ட ஆயுள் கொண்டவையாக இருந்தன. சணல் பயிரிடும் ஃபரித்பூர் குடியானவர் மாணவர் போராட்டத்திலும் இல்லை, டெல்லியிலும் டாக்காவிலும் எடுத்த முடிவுகளிலும் இல்லை.

ஆட்களைப் பற்றிய விஷயத்துக்குக் கென்யாவைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. 2007 டிசம்பர் 27இல் தேர்தல் நடந்தது. 30ஆம் தேதி முடிவு அறிவிக்கப்பட்டதுமே வெடித்த வன்முறையில் 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். 2008 பிப்ரவரி 28இல் ஐ.நா. முன்னாள் பொதுச் செயலர் கோஃபி அன்னானின் முயற்சியால் உடன்பாடு ஏற்படும் வரை நாடு தத்தளித்தது. நைரோபிக்கு வடமேற்கே நைவாஷா ஏரியைச் சுற்றி ரோஜாப் பண்ணைகள் இருக்கின்றன. ஐரோப்பாவின் காதலர் தினத்துக்கு ரோஜா போவது அங்கிருந்துதான். பண்ணைகளில் கூலி வேலை செய்தவர்களில் பலர் நாட்டின் மேற்கிலிருந்து வந்த லுவோ, லூயா இனத்தவர். ஜனவரிக் கடைசியில் வன்முறை நைவாஷாவுக்கே வந்தது. வீடுகள் ஆட்களோடு எரிக்கப்பட்டன. பிப்ரவரி 14க்கு மூன்று வாரம்கூட இல்லை, செடிகளில் மொட்டு நிறைந்திருந்தது, பறிக்க வேண்டியவர்கள் காவல் நிலைய வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தார்கள்.

க்ஸோல், மக்கியவெல்லோ, மொர்ஜாரியா என்ற மூன்று பொருளியலாளர்கள் கென்யாவின் பூப் பண்ணைகளை ஆராய்ந்து எழுதியது இத்துறையில் மிக முக்கியமான ஆய்வு. வன்முறை நடந்த பகுதிகளில் இருந்த பண்ணைகளின் ஏற்றுமதி அளவு சராசரியாக 38 சதவீதம் குறைந்தது. வேலைக்கு வராத தொழிலாளர்களின் விகிதம் உச்சத்தில் பாதியைத் தொட்டது. மிச்சம் இருந்தவர்களை வைத்து வேலை வாங்கியதால் செலவு சுமார் 16 சதவீதம் கூடியது. விமான நிலையம் திறந்திருந்தது, விமானங்கள் பறந்துகொண்டிருந்தன, வாங்குபவர்கள் காத்திருந்தார்கள். இல்லாமல் போனது பறிக்கும் கை. எல்லாப் பண்ணைகளும் ஒரே அளவு அடிபடவில்லை என்பதையும் அவர்கள் காட்டினார்கள். நெதர்லாந்து ஏலச் சந்தைக்கு அனுப்பி வந்த விலையை வாங்கிக்கொண்ட பண்ணைகளைவிட, குறிப்பிட்ட வாடிக்கையாளர்களோடு நேரடி உறவு வைத்திருந்த பண்ணைகள் தொழிலாளர்களைத் திரும்பக் கொண்டுவர அதிகம் முயன்றன. இழப்பும் அவற்றுக்குக் குறைவு. வாக்குக் கொடுத்த ஒருவர் எதிர்முனையில் இருக்கும்போது, தொழிலாளருக்குத் தங்குமிடம், பேருந்து, காவல் என்று செலவு செய்ய மனம் வருகிறது. இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. அந்த நேரடி உறவுகளைப் பெரிய பண்ணைகளே எளிதில் சம்பாதிக்க முடியும். சிறியவர்கள் ஏலத்துக்கு அனுப்புவார்கள், கலவரத்தில் அவர்களே முதலில் விழுவார்கள்.

கென்யாவின் கொந்தளிப்பு அதன் எல்லைக்குள் நிற்கவில்லை. உகாண்டா, ருவாண்டா, புருண்டி, கிழக்குக் காங்கோ எல்லாவற்றுக்கும் மொம்பாசா துறைமுகம் முக்கியக் கடல்வாசல். எல்டோரெட் பகுதியில் நெடுஞ்சாலையில் தடுப்புகள் போடப்பட்டன, லாரிகள் எரிக்கப்பட்டன. நைரோபியின் கிபேராவில் ரயில் தண்டவாளத்தையே பெயர்த்தெடுத்தார்கள். கம்பாலாவில் பெட்ரோல் விலை எகிறியது, ருவாண்டாவில் எரிபொருளுக்குப் பங்கீடு வந்தது. எரிபொருள் இல்லையென்றால் உகாண்டாவின் காப்பி கடலுக்கு இறங்காது, கிராமத்து மக்காச்சோளம் சந்தைக்குப் போகாது. கலவரம் ஒரு நாட்டில், அந்தத் துறைமுகத்தை நம்பிய நான்கு நாடுகளின் விவசாயிகள் தண்டனை அனுபவித்தார்கள். அதற்குப் பிறகுதான் தான்சானியாவின் தாரெஸ்ஸலாம் வழியாகவும் ஒரு பாதை கட்டாயம் வேண்டும் என்ற பேச்சு அந்த நாடுகளில் வலுத்தது. கென்யாவுக்குள்ளேயோ, நாட்டின் மக்காச்சோளக் களஞ்சியமான எல்டோரெட், கிட்டாலே பகுதிகளில் அறுவடை செய்து வைத்த தானியம் எரிந்தது. ஓடிப்போன விவசாயிகள் மார்ச் மழைக்கு விதைக்கத் திரும்பவில்லை. வறட்சியும் சேர்ந்துகொள்ள, 2009 ஜனவரியில் அதிபர் கிபாக்கி ஒரு கோடிப் பேர் பசியின் விளிம்பில் இருப்பதாகச் சொல்லி தேசியப் பேரிடர் அறிவித்தார். தேர்தல் கலவரம் முடிந்து ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது.

நம் ஊரிலும் இதன் சாயல் உண்டு. அது நாட்டு எல்லை இல்லை, மாநில எல்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் குமுளியும் கம்பமும் கொந்தளித்தபோது, தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து ஜீப்புகளில் இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குப் போய் வந்த தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், வேலைக்குப் போக முடியாமல் போனார்கள். தோட்டங்களிலேயே தங்கியிருந்தவர்கள் மிரண்டு ஊர் திரும்பினார்கள். அது ஏலக்காய் பறிப்புக் காலம். கம்பம் பள்ளத்தாக்கின் காய்கறி மலையேறாமல் தேங்க, மேலே விலை ஏறியது. நைவாஷாவைப் போலவே இங்கும் எந்த மொழி பேசுகிறவர் என்பதே வேலைக்குப் போகலாமா கூடாதா என்பதைத் தீர்மானித்தது. விளைபொருள் வணிகம் பெரும்பாலும் வெளியூர்க் கூலியாட்களின் கையில் நடக்கிறது. அடையாளத்தை வைத்து மூளும் கலவரம் மற்ற எந்தத் தொழிலையும்விட அதை வேகமாகத் தாக்குவதற்கு முதல் காரணம் இதுதான்.

சந்தை திரும்பி வராமலே போவதற்கு டார்ஜிலிங் உதாரணம். கூர்க்காலாந்து என்ற தனி மாநிலம் கோரி 2017 ஜூன் மத்தியில் தொடங்கிய கடையடைப்பு செப்டம்பர் 27 வரை, 104 நாள், நீடித்தது. 87 தோட்டங்கள் பூட்டிக் கிடந்தன. தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாளை இன்னொரு நாளோடு சமமாக வைக்க முடியாது. மே கடைசியிலிருந்து ஜூன் வரை வரும் இரண்டாம் பறிப்புத் தளிரில்தான் டார்ஜிலிங்குக்குப் பேர்போன மணம் இருக்கிறது. ஜெர்மனியும் ஜப்பானும் நல்ல விலை கொடுத்து வாங்குவது அதைத்தான். அதன் பெரும்பகுதி போய்விட்டது. வெட்டாத செடிகள் மரமாக உயர்ந்தன, களை புதராக மண்டியது. 2016இல் சுமார் 80 லட்சம் கிலோவாக இருந்த உற்பத்தி 2017இல் சுமார் 32 லட்சம் கிலோவாகச் சரிந்தது. அயல்நாட்டு வணிகர்கள் அலமாரியைக் காலியாக விட்டுவைக்க மாட்டார்கள். எல்லைக்கு அந்தப்பக்கம், அதே மலை, அதே உயரம், அதே மூடுபனியில் நேபாளத்தின் இலாம் மாவட்டம் இருக்கிறது. அங்கே தேயிலை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் சிறு விவசாயிகள். வாங்குபவர்கள் அந்தத் தேயிலையை ருசி பார்த்தார்கள், பிடித்துப்போனது, அங்கேயே வாங்கத் தொடங்கினார்கள். இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி நேபாளத் தேயிலை தீர்வையின்றி இந்தியாவுக்குள் வரலாம். அது டார்ஜிலிங் என்ற பெயரில் கலந்து விற்கப்படுகிறது என்று தோட்ட முதலாளிகள் இன்று வரை முறையிடுகிறார்கள். 2024இல் டார்ஜிலிங்கின் உற்பத்தி 60 லட்சம் கிலோவுக்கும் கீழே. வயதான செடிகள், மாறும் மழை, வேலைக்கு வராத ஆட்கள் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாப் பழியையும் அந்த 104 நாளின் மேல் போடுவது நேர்மையாகாது. ஆனால் இழந்த வாடிக்கையாளர்களைத் தேடிப் பிடிக்கும் வலிமை அந்த ஆண்டோடு தோட்டங்களிடமிருந்து போனது. ஒரு மலையின் இழப்பு பக்கத்து மலையில் சிறு விவசாயி ஒருவரின் வீட்டில் அடுப்பெரியச் செய்தது என்பதும் உண்மை. கொந்தளிப்பால் இழப்பு மட்டுமே வருகிறது என்று எழுதும் ஆய்வுகள் இந்தப் பக்கத்தைக் காண்பதில்லை.

அதே நேபாளம் 2015 செப்டம்பரில் புதிய அரசியலமைப்பை ஏற்றபோது, தெற்குச் சமவெளியின் மதேசிகள் தங்களுக்கு உரிய இடமில்லை என்று எழுந்தார்கள். இந்திய எல்லையின் இருபுறமும் உள்ள பீர்கஞ்ச், ரக்சௌல் நகரங்களுக்கு நடுவிலிருக்கும் பாலத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். நேபாளத்தின் இறக்குமதியில் பெரும்பங்கு வரும் வழி அது. இந்தியாவே மறைமுகமாகத் தடுக்கிறது என்று காத்மாண்டு சொன்னது, டெல்லி மறுத்தது. ஏப்ரல் நிலநடுக்கத்திலிருந்து எழாத நாடு சமையல் எரிவாயுவும் டீசலும் மருந்தும் இல்லாமல் குளிர்காலத்தைக் கடந்தது. டீசல் இல்லாதபோது மலையில் விளைந்த இஞ்சியும் காயும் கீழே இறங்குவதில்லை. கோதுமை விதைப்புக்கு உரம் வருவதில்லை. 2016 பிப்ரவரி தொடக்கத்தில் அந்தப் பாலத்தைத் திறந்தது படையோ பேச்சுவார்த்தையோ இல்லை. இரு புறத்துக் கடைக்காரர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து பந்தல்களைப் பிரித்துப் போட்டார்கள். நான்கு மாதத்துக்கும் மேலாகக் கடன் வாங்கிச் சாப்பிட்டவர்கள் அவர்கள்.

இதுவரை சொன்னவற்றில் சண்டைக்குக் காரணம் வேறு, விளைபொருள் வழியில் மாட்டிக்கொண்டது. விளைபொருளே சண்டைக்குக் காரணமாவதும் உண்டு. ஸ்பெயினிலிருந்து வரும் ஸ்ட்ராபெரிக்கும் தக்காளிக்கும் எதிராகப் பிரெஞ்சு விவசாயிகள் ஆண்டுக்கணக்காக லாரிகளை மறித்துச் சரக்கைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் வேடிக்கை பார்த்தது. 1997 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், இதைத் தடுக்கப் போதுமானதைச் செய்யாத பிரெஞ்சு அரசுதான் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. தனியார் செய்த தடைக்கு அரசைப் பொறுப்பாக்கிய அந்தத் தீர்ப்பு ஒரு மைல்கல். ஆறாண்டுக்குள் அதே நீதிமன்றம் மறுபக்கத்தையும் காட்டியது. ஆல்ப்ஸ் மலையில் ப்ரென்னர் நெடுஞ்சாலையைச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் 1998இல் ஏறத்தாழ 30 மணி நேரம் மறித்தார்கள். நட்ட ஈடு கேட்டு ஒரு சரக்கு நிறுவனம் வழக்குப் போட்டது. முன்பே அறிவித்து, மாற்று வழிக்கு ஏற்பாடு செய்து, குறுகிய நேரம் மட்டும் நடந்த அந்த மறியலை அனுமதித்ததில் ஆஸ்திரியா மீது தவறில்லை என்றது நீதிமன்றம். இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்கும்போது கிடைக்கும் கோடு எனக்கு நியாயமாகப் படுகிறது. கூடிப் போராடும் உரிமை வணிகத்துக்குக் கீழே இல்லை. ஆனால் அடுத்தவர் விளைச்சலை அழிப்பது அந்த உரிமையில் சேராது.

அந்தக் கோடு 2024இல் போலந்தில் மீறப்பட்டது. ரஷ்யப் படையெடுப்பால் கருங்கடல் வழி அடைபட்ட உக்ரைன் தன் தானியத்தைத் தரைவழியே மேற்கே அனுப்பியது. அது போலந்துச் சந்தையிலேயே தங்கி விலையைக் கெடுக்கிறது என்று அங்குள்ள விவசாயிகள் கொதித்தார்கள். அவர்களின் குறையில் உண்மை இருந்தது. போர் தொடங்கிய பின் தீர்வை நீக்கியவர்கள் பிரஸல்ஸில் இருந்தார்கள்; விலைச் சரிவு வந்து விழுந்தது எல்லையோரச் சிறு விவசாயியின் மேல். 2023 ஏப்ரலில் போலந்து அரசு இறக்குமதித் தடை போட்டது, நவம்பரில் லாரி ஓட்டுநர்கள் எல்லையை மறித்தார்கள், பின் விவசாயிகள் சேர்ந்தார்கள். 2024 பிப்ரவரியில் ரயில் பெட்டிகளைத் திறந்து உக்ரைன் தானியத்தைத் தண்டவாளத்தில் கொட்டினார்கள். போருக்கு நடுவே, கண்ணிவெடிக்குப் பயந்துகொண்டே உழுது விளைவித்த தானியம் அது. அந்தக் காட்சியை எந்தக் குறையின் பெயராலும் என்னால் ஏற்க முடியவில்லை.

இனி, என்ன செய்ய முடியும். உலக வணிக அமைப்பின் வணிக எளிதாக்க ஒப்பந்தம் 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா, வங்கதேசம், நேபாளம், கென்யா எல்லாம் அதில் கையெழுத்திட்டவை. அழுகும் பொருட்களை முன்னுரிமை கொடுத்துக் கூடிய சீக்கிரம் விடுவிக்க வேண்டும், தேவைப்பட்டால் அலுவலக நேரத்துக்கு வெளியேயும் விடுவிக்க வேண்டும் என்று அதன் ஏழாவது பிரிவு சொல்கிறது. நல்ல விதி. அது சுங்கத்துறையோடும் அதைச் சார்ந்த சோதனை அலுவலகங்களோடும் நின்றுவிடுகிறது. ஊரடங்கு ஆணை எழுதும் மாவட்ட நிர்வாகத்தையோ, இணையத்தைத் துண்டிக்கச் சொல்லும் அமைச்சகத்தையோ, வங்கிக்கு விடுமுறை விடுபவரையோ அது தொடவில்லை. ஊரடங்கு ஆணைகளில் மருத்துவமனைக்கும் மின்வாரியத்துக்கும் விலக்கு எழுதுவது போல, எல்லையோர மாவட்டங்களில் அழுகும் சரக்கு லாரிக்கும் சுமைத் தொழிலாளருக்கும் கிளியரிங் ஏஜெண்டுக்கும் தீர்வை வாங்கும் வங்கிக் கிளைக்கும் சேர்த்து அனுமதிச்சீட்டு எழுதியாக வேண்டும். சுங்க அலுவலகத்தில் காகித முறையை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை பார்த்து வைத்திருக்க வேண்டும். சரக்கு எல்லையைத் தொட்ட பிறகு போடப்படும் ஏற்றுமதித் தடை அந்தச் சரக்குக்குப் பொருந்தாது என்று அண்டை நாடுகள் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். வெங்காயத்தில் மூன்று முறை பட்ட பிறகும் இது செய்யப்படவில்லை.

இவற்றுக்கெல்லாம் அரசுகள் மனம் வைக்க வேண்டும். வணிகர்களே நாளையே செய்துகொள்ளக்கூடிய ஒன்று எல்.சி.யில் இருக்கிறது. உலகெங்கும் எல்.சி.க்களை ஆளும் யு.சி.பி. 600 விதித்தொகுப்பின் 36ஆவது பிரிவு, கலவரத்தாலோ உள்நாட்டுக் குழப்பத்தாலோ வங்கி மூடியிருக்கும்போது ஒரு எல்.சி. காலாவதியானால், வங்கி மறுபடி திறந்த பிறகும் அதற்குப் பணம் தர வேண்டியதில்லை என்கிறது. அதாவது, ஊரடங்குக்கு முன் சரக்கை ஒழுங்காக அனுப்பிவிட்டு, ஊரடங்கால் ஆவணங்களை வங்கியில் கொடுக்க முடியாமல் போன ஏற்றுமதியாளர், கெடு அந்த நாட்களில் முடிந்துவிட்டால் இறக்குமதியாளரின் நல்ல மனதை நம்பித்தான் இருக்க வேண்டும். விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் அதோடு தொங்கும். வேறொரு வகை உறுதிக் கடிதங்களை ஆளும் ஐ.எஸ்.பி. 98 விதித்தொகுப்பு, இதே நிலையில் வங்கி திறந்த பின் 30 நாள் கூடுதல் அவகாசம் கொடுக்கிறது. யு.சி.பி. விதிகளை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எல்.சி.யிலேயே மாற்றி எழுதலாம். வங்கி மூடியிருந்தால் திறந்த பின் 30 நாள் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். லாசல்காவ் வெங்காய மண்டியிலிருந்து ஹிலிக்கு அனுப்புகிறவர்கள் அடுத்த பருவத்து ஒப்பந்தத்தைப் பேசும்போது விலைக்கு முன்னால் அந்த வரியைக் கேட்க வேண்டும்.